டேப் பேக்கப் இழுத்துக்கொண்டே போகிறதா? டிரைவை மாற்றும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தொடங்கும் முழு பேக்கப், ஒரு காலத்தில் ஞாயிறு காலைக்குள் முடிந்துவிடும். டேட்டா பெருகப் பெருக அது ஞாயிறு இரவானது, பிறகு திங்கட்கிழமை மதியம் 2 மணியானது. ஆட்கள் வேலைக்கு வந்த பிறகும் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எல்டிஓ என்பது காந்த நாடாவில் டேட்டா எழுதும் டேப் வகை; எண் கூடக் கூடப் புதிய தலைமுறை. பழைய எல்டிஓ-4 டிரைவைக் கழற்றிவிட்டு எல்டிஓ-7 வாங்கி மாட்டினோம். விநாடிக்கு 120 எம்பி எழுதும் டிரைவுக்குப் பதிலாக 300 எம்பி எழுதும் டிரைவ். அந்த வாரம் பேக்கப் முடிந்தது செவ்வாய்க்கிழமை காலை 8 மணிக்கு.

புது டிரைவில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். டிரைவில் ஒன்றுமே இல்லை. அதற்குத் தீனி போதவில்லை, அவ்வளவுதான். டேப் மெதுவாக இருக்கிறது என்று சொல்லப்படும் பெரும்பாலான இடங்களில் நான் பார்த்தது இதைத்தான். ஆகவே கீழே உள்ள வரிசை டிரைவில் தொடங்காது. எண்ணில் தொடங்கி, டேட்டா வரும் பாதையை ஒவ்வொரு துண்டாக வெட்டிப் பார்க்கும்.

படி 1: எண்ணைச் சரிபாருங்கள்

பேக்கப் மென்பொருள் காட்டும் வேகம் எந்த அலகில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சில மென்பொருள்கள் நிமிடத்துக்கு இத்தனை எம்பி என்று காட்டும், சில மணிக்கு இத்தனை ஜிபி என்று. திரையில் 4,800 என்று பார்த்தால் பிரமாதமாகத் தெரியும். அது நிமிடக் கணக்கு என்றால் 60-ஆல் வகுத்தால் வெறும் 80. நெட்வொர்க் பக்கத்து ஆட்கள் பிட்டில் பேசுவார்கள், டேப் பக்கத்து ஆட்கள் பைட்டில் பேசுவார்கள். இரண்டுக்கும் 8 மடங்கு வித்தியாசம். இதில் குழம்பி நடந்த வாக்குவாதங்கள் ஏராளம்.

அடுத்து, அந்த எண் எதன் சராசரி என்று பாருங்கள். ஜாப் தொடங்கியதிலிருந்து முடியும் வரையான மொத்த நேரத்தால் வகுத்த எண் என்றால், கார்ட்ரிட்ஜ் (நாடா இருக்கும் பெட்டி) மாட்டிய நேரம், சரியான இடத்துக்கு டேப் ஓடிய நேரம், கேட்டலாக் (எந்தக் கோப்பு எந்த டேப்பில் என்ற பட்டியல்) எழுதிய நேரம், காலி டேப்புக்காகக் காத்திருந்த நேரம் எல்லாம் அதற்குள் இருக்கும். எழுதி முடித்த பிறகு சரிபார்ப்பு நடக்கும்படி வைத்திருந்தால், எழுதியது முழுவதையும் திரும்பப் படிக்கும்; நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அதைச் சேர்த்துக்கொண்டு வேகம் பாதியாகிவிட்டது என்று புலம்பக் கூடாது. ஜாப் லாகைத் திறந்து, டேட்டா எழுதத் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் எடுத்து நீங்களே வகுத்துப் பாருங்கள்.

எங்கள் கணக்கு இப்படி இருந்தது. டேட்டா ஏறக்குறைய 12.7 டிபி. பழைய டிரைவில் 64 மணி நேரம், அதாவது விநாடிக்கு 55 எம்பி. புது டிரைவில் 82 மணி நேரம், அதாவது 43 எம்பி.

இனி உங்கள் டிரைவ் எவ்வளவு எழுத வேண்டும் என்பதற்கு வருவோம். சுருக்கம் சேராத வேகம், விநாடிக்கு எம்பியில்:

எல்டிஓ-3: 80
எல்டிஓ-4: 120
எல்டிஓ-5: 140
எல்டிஓ-6: 160
எல்டிஓ-7: 300
எல்டிஓ-8: 360
எல்டிஓ-9: 400

கடைசி இரண்டும் முழு உயர டிரைவுக்கானவை. அரை உயர டிரைவ் என்றால் 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தாளில் எல்டிஓ-8-க்கு 900 என்று போட்டிருப்பார்கள். அது டேட்டா 2.5 மடங்கு சுருங்கும் என்ற நம்பிக்கையில் போட்ட எண். உங்கள் சர்வரில் இருப்பது வீடியோவும் ஜேபெக் படங்களும் ஜிப் கோப்புகளும் என்றால் அவை சுருங்கப்போவதே இல்லை. இன்னொன்று: கார்ட்ரிட்ஜையும் பாருங்கள். எல்டிஓ-7 டிரைவில் எல்டிஓ-6 கார்ட்ரிட்ஜைப் போட்டால் 160-க்கு மேல் போகாது. டிரைவை மாற்றிவிட்டு அலமாரியில் மிச்சமிருந்த பழைய டேப்புகளைத் தீர்த்துக்கொண்டிருந்த இடத்தை நான் பார்த்திருக்கிறேன்.

படி 2: டிரைவின் பக்கத்தில் நின்று காது கொடுங்கள்

இது விளையாட்டுக்குச் சொன்னதில்லை. சீராக எழுதும் டேப் டிரைவ் ஒரே சுருதியில் இரையும். முனைக்குப் போனதும் ஒரு கணம் நின்று, திசை மாறி, மறுபடி அதே இரைச்சல். பசியில் இருக்கும் டிரைவ் அப்படி இரையாது. இரண்டு விநாடி ஓடும், நிற்கும், பின்னால் போகும், நிற்கும், மறுபடி முன்னால் ஓடும். துணியை இரு கையிலும் பிடித்து ஷூவுக்குப் பாலிஷ் தேய்ப்பது போல டேப், எழுதிப் படிக்கும் பாகமான ஹெட்டின் மேல் முன்னும் பின்னுமாக ஓடுவதால் இதற்கு ஷூ-ஷைனிங் என்றே பெயர்.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஹார்ட் டிஸ்க்குக்கு டேட்டா வரவில்லை என்றால் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். டேப் அப்படி இருக்க முடியாது. விநாடிக்குப் பல மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நாடா அது. டிரைவின் பஃபர் (டேட்டா தற்காலிகமாகத் தங்கும் நினைவகம்) காலியானால் நாடாவை நிறுத்த வேண்டும். நிற்பதற்குள் எழுத வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடும். அதனால் பின்னால் இழுத்து, மறுபடி வேகமெடுத்து, விட்ட இடத்தைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் வீண். அதற்குள் பஃபர் நிரம்பிவிடும், சர்வர் காத்து நிற்கும், டேட்டா வரும் ஓட்டமே தடைபடும். நாம் 60 எம்பி கொடுத்தால் 60 எழுதும் என்று எதிர்பார்ப்போம். கடைசியில் 40 எழுதியிருக்கும். போதாக்குறைக்கு நாடாவும் ஹெட்டும் தேயும்.

இதைத் தவிர்க்கத்தான் எல்டிஓ டிரைவ்கள் டேட்டா வரும் வேகத்துக்கு ஏற்ப நாடாவின் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. ஆனால் அதற்கும் ஓர் அடிமட்டம் உண்டு. பொதுவாக அது உச்ச வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு. சில டிரைவ்களில் அதற்கும் சற்றுக் கீழே. எல்டிஓ-4 என்றால் 30 முதல் 40 எம்பி, எல்டிஓ-7 என்றால் ஏறக்குறைய 100. எங்கள் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்த 55 எம்பி பழைய டிரைவின் அடிமட்டத்துக்கு மேலே இருந்தது, அதனால் அது மெல்ல, ஆனால் நிற்காமல் ஓடியது. புது டிரைவுக்கு அந்த 55 யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பலரும் கவனிக்காதது. அந்த 100 எம்பி என்பது நாடாவில் போய் விழும் அளவு, சுருக்கிய பிறகு. டிரைவ் உங்கள் டேட்டாவைப் பாதியாகச் சுருக்குகிறது என்றால் நாடாவில் 100 விழ, சர்வர் 200 அனுப்ப வேண்டும். நன்றாகச் சுருங்கும் டேட்டா டிரைவின் பசியைக் கூட்டும். ஆகவே 110 எம்பிக்கு மேல் கொடுக்க வழியே இல்லாத இடத்தில், டிரைவின் சுருக்கத்தை நிறுத்தினால் ஓட்டம் சீராவதும் உண்டு. கூடுதல் கார்ட்ரிட்ஜ் செலவாகும்; நிரந்தரத் தீர்வாக இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் காரணம் இதுதானா என்று உறுதி செய்ய நல்ல சோதனை.

படி 3: பாதையை மூன்றாக வெட்டுங்கள்

டேட்டா மூல டிஸ்க்கிலிருந்து புறப்பட்டு, நெட்வொர்க் வழியாக பேக்கப் சர்வருக்கு வந்து, அங்கிருந்து டிரைவுக்குப் போகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். மூன்றையும் சேர்த்து ஓடவிட்டு எது மெதுவு என்று ஊகிப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு.

டிரைவை மட்டும் அளப்பது முதல் வேலை. இதற்கு முன் ஓர் எச்சரிக்கை: சோதனைக்கென்று ஒதுக்கிய காலி கார்ட்ரிட்ஜை மட்டுமே பயன்படுத்துங்கள். டேட்டா இருக்கும் டேப்பின் தொடக்கத்தில் ஒரு சிறு துண்டு எழுதினால்கூட அதற்குப் பின்னால் இருப்பதை வழக்கமான முறையில் படிக்க முடியாது. லினக்ஸில் எஸ்டி0 என்ற பெயரில் உள்ள சாதனம் வேலை முடிந்ததும் டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும், என்எஸ்டி0 சுற்றாது. இதை மறந்துவிட்டு அடுத்த கட்டளையைத் தட்டி, சற்று முன் எழுதியதன் மேலேயே எழுதியவர்கள் உண்டு.

டிடி கட்டளையால் நேராக டேப்புக்கு எழுதிப் பார்க்கலாம். ஆனால் எதை எழுதுகிறீர்கள் என்பது முக்கியம். ஜீரோ சாதனத்திலிருந்து எடுத்தால் எல்லாம் பூஜ்யம். டிரைவ் அதை ஒன்றுமில்லாத அளவுக்குச் சுருக்கி, கேபிள் தாங்கும் வேகத்தைக் காட்டும். அதைப் பார்த்து மகிழ்ந்து பயனில்லை. யூரேண்டம் சாதனத்திலிருந்து நேராக எடுத்தாலோ, அந்தத் தாறுமாறான பைட்டுகளை உருவாக்கும் வேகமே தடையாகிவிடலாம். சரி, என்ன செய்வது? நினைவகத்தில் இருக்கும் டிஎம்பிஎஃப்எஸ் கோப்புறையில் சில ஜிபி அளவுக்குத் தாறுமாறான டேட்டாவை முதலில் உருவாக்கி வைத்துக்கொண்டு, அதைத் திரும்பத் திரும்ப டேப்புக்கு எழுதுங்கள். பிளாக் அளவை, அதாவது ஒரு கட்டளையில் எழுதும் துண்டின் அளவை, 256 கேபி அல்லது அதற்கு மேல் வையுங்கள். ஒன்றிரண்டு ஜிபி எழுதிவிட்டு நிறுத்தினால் டிரைவின் பஃபர் உங்களை ஏமாற்றும். குறைந்தது 50 ஜிபியாவது எழுதுங்கள். மேலே உள்ள பட்டியல் எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் டிரைவ், கேபிள், எச்பிஏ அட்டை (டிரைவை சர்வரோடு இணைக்கும் அட்டை), கார்ட்ரிட்ஜ் நான்கும் குற்றமற்றவை.

விண்டோஸ் சர்வர் என்றால் தயாரிப்பாளர்களின் கருவிகளே வசதி. ஐபிஎம்மின் ஐடிடிடி, ஹெச்பிஇயின் லைப்ரரி அண்ட் டேப் டூல்ஸ் இரண்டிலும் டிரைவின் வேகத்தை அளக்கும் சோதனை உண்டு. பின்னது டிஸ்க்கைப் படிக்கும் வேகத்தையும் தனியாக அளந்து காட்டும்.

அடுத்து மூல டிஸ்க். பேக்கப் எடுக்கும் அதே கோப்புறைகளைப் படித்து எங்கும் எழுதாமல் தூக்கி எறிந்து பாருங்கள். கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கட்டளையின் வெளியீட்டை, வருவதையெல்லாம் தூக்கி எறியும் நல் சாதனத்துக்கு அனுப்பினால் போதும் என்று தோன்றும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. வெளியீடு நேராக நல் சாதனத்துக்குப் போகிறது என்று தெரிந்தால் குனு டார் கோப்புகளின் உள்ளடக்கத்தைப் படிக்கவே படிக்காது. பெயரையும் அளவையும் மட்டும் பார்த்துக்கொண்டு போய்விடும். ஒரு டிபியை 20 விநாடியில் படித்துவிட்டதாக முடிவு வரும். நடுவில் கேட் கட்டளையைப் பைப்பில் போட்டு அதன் வழியாக அனுப்புங்கள், அப்போதுதான் நிஜமாகப் படிக்கும். சோதனையை இரண்டாம் முறை ஓட்டும்போது கோப்புகள் நினைவகத்தில் ஏற்கெனவே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். கேஷை காலி செய்துவிட்டு ஓட்டுங்கள், அல்லது ராமின் அளவைவிடப் பெரிய கோப்புறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

நெட்வொர்க்குக்கு ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் கருவி போதும். ஒரு ஜிகாபிட் இணைப்பு என்றால் ஏட்டளவில் விநாடிக்கு 125 எம்பி. நடைமுறையில் 110-ஐ ஒட்டி வந்தால் திருப்தி அடையலாம். எல்டிஓ-7 அல்லது அதற்கு மேற்பட்ட டிரைவை ஒரு ஜிகாபிட் இணைப்பின் முனையில் வைத்து நேரடியாக எழுதவைத்தால், வேறு எதுவும் பழுதாகாமலேயே மேலே சொன்ன அடிமட்டத்தில் தடுமாறும். 11 எம்பி என்ற எண் வந்தால் எங்கோ ஒரு கேபிளோ ஸ்விட்ச் போர்ட்டோ 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கிறது. கேபிளை மாற்றிப் பாருங்கள்.

மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். எங்களுடையது: டிரைவ் 295, நெட்வொர்க் 112, மூல டிஸ்க் 58. அந்தத் தாளைப் பார்த்த பிறகு யாரும் டிரைவைப் பற்றிப் பேசவில்லை.

படி 4: மூல டிஸ்க் மெதுவு என்றால்

பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். அதிலும் முதல் சந்தேகம் சிறு கோப்புகள் மேல்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். 10 லட்சம் கோப்புகள், ஒவ்வொன்றும் 8 கேபி. மொத்தம் 8 ஜிபி. எல்டிஓ-6 டிரைவ் இதை 50 விநாடியில் எழுதிவிடும். இப்போது டிஸ்க்கின் பக்கம் வாருங்கள். அது விநாடிக்கு 150 இடங்களுக்குத் தாவிப் படிக்கக்கூடிய சுழலும் டிஸ்க் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கோப்புக்கும் குறைந்தது இரண்டு தாவல்: ஒன்று கோப்பின் விவரத்துக்கு, ஒன்று உள்ளடக்கத்துக்கு. விநாடிக்கு 75 கோப்பு. 10 லட்சம் கோப்புக்கு 13,333 விநாடி, அதாவது மூன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வேகம் விநாடிக்கு 0.6 எம்பி. டிஸ்க் பழுதில்லை, டிரைவ் பழுதில்லை, நெட்வொர்க் சும்மா இருக்கிறது. ஆனாலும் பேக்கப் ஊர்கிறது.

இதற்கு வழிகள் உண்டு. கோப்புக் கோப்பாக எடுக்காமல் டிஸ்க்கை பிளாக் அளவில் இமேஜாக எடுப்பது ஒன்று. டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து வரிசையாகப் படிப்பதால் எத்தனை லட்சம் கோப்பு இருந்தாலும் கவலையில்லை. அதிலிருந்து தனிக் கோப்பை மீட்க உங்கள் மென்பொருள் இடம் கொடுக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பல கோப்புறைகளை ஒரே சமயத்தில் படிக்கவைப்பது இன்னொன்று. எஸ்எஸ்டியிலும் பல டிஸ்க் சேர்ந்த ரெய்டிலும் இது நன்றாக வேலை செய்யும். ஒற்றைச் சுழல் டிஸ்க்கில் செய்தால் தாவல் கூடி இன்னும் மோசமாகும். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத சிறு கோப்புகளைப் பெரிய ஆவணக் கோப்புகளாகக் கட்டி வைப்பது மூன்றாவது. அலுப்பான வேலைதான். ஆனால் ஒருமுறை செய்தால் ஒவ்வொரு வாரமும் பலன் தரும்.

அப்புறம் ஆன்டிவைரஸ். பேக்கப் திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் அது ஒருமுறை திறந்து மேய்ந்துவிட்டுத்தான் விடும். பேக்கப் புராசஸுக்கு விலக்குக் கொடுத்துவிட்டு ஒரே கோப்புறையை இரண்டு முறை அளந்து பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். விலக்குக் கொடுக்கும் முன் பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அதே நேரத்தில் வேறு என்ன ஓடுகிறது என்றும் பாருங்கள். டேட்டாபேஸ் பராமரிப்பு, ரெய்டு சரிபார்ப்பு, வைரஸ் முழு ஸ்கேன் என்று எல்லா வேலையையும் இரவு 10 மணிக்கோ 12 மணிக்கோ வைப்பது மனித இயல்பு. எல்லாரும் ஆளில்லாத நேரத்தைத் தேடிப் போய் ஒரே நேரத்தில் கூடிவிடுகிறார்கள். ரெய்டில் ஒரு டிஸ்க் செத்துப்போய் யாரும் கவனிக்காமல் இருப்பதும் நடக்கும். பேக்கப் திடீரென்று ஒரு நாள் மெதுவானால் முதலில் ரெய்டின் நிலையைப் பாருங்கள்.

டீடூப்ளிகேஷன் (ஒரே மாதிரியான துண்டுகளை ஒருமுறை மட்டும் வைப்பது) செய்த சேமிப்பகத்திலிருந்து டேப்புக்கு எழுதுகிறீர்கள் என்றால், டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துத்தான் அது கொடுக்கும். எழுதும்போது பறந்த சேமிப்பகம் படிக்கும்போது தவழ்வது இதனால்தான்.

படி 5: டிரைவின் பக்கமே மெதுவு என்றால்

பிளாக் அளவில் தொடங்குங்கள். டார் கட்டளை சும்மா விட்டால் 10 கேபி துண்டுகளாக எழுதும். விநாடிக்கு 300 எம்பி போக வேண்டும் என்றால் விநாடிக்கு 30,000 எழுத்துக் கட்டளைகள் போக வேண்டும். 64 கேபி என்றால் 4,700 கட்டளை, 256 கேபி என்றால் 1,200-க்குச் சற்றுக் குறைவு. 256 கேபியில் தொடங்கி 512, 1,024 என்று ஏற்றிப் பாருங்கள். ஓர் அளவுக்கு மேல் வேகம் கூடாது, அங்கே நிறுத்துங்கள். விண்டோஸில் எச்பிஏ டிரைவர் பெரிய பிளாக்கை ஏற்காமல் பிழை காட்டலாம்.

பிளாக் அளவை மாற்றினால் மீட்பையும் உடனே சோதியுங்கள். லினக்ஸில் 1 எம்பி பிளாக்கில் எழுதிய டேப்பைச் சிறிய பிளாக் அளவில் படிக்கப் போனால் நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்று பிழை வரும். ராம் போதவில்லையோ என்று தேடிக்கொண்டு போவீர்கள். உண்மையில் படிக்கும் பிளாக் அளவு போதவில்லை. எழுதிய அளவைக் கார்ட்ரிட்ஜின் லேபிளிலேயே குறித்து வைத்தால் நள்ளிரவு மீட்பில் உங்களை நீங்களே வாழ்த்திக்கொள்வீர்கள்.

அடுத்து இணைப்பு. டேப் டிரைவை ரெய்டு அட்டையில் மாட்டாதீர்கள். தனி எச்பிஏ அட்டை வேண்டும். டிரைவுக்கும் அட்டைக்கும் இடையிலான எஸ்ஏஎஸ் இணைப்பு எந்த வேகத்தில் பேசிக்கொண்டிருக்கிறது என்று எச்பிஏ கருவியில் பாருங்கள். 6 ஜிகாபிட் என்றால் விநாடிக்கு 600 எம்பி வழி உண்டு. பழைய அட்டையால் 3 ஜிகாபிட்டுக்கு இறங்கியிருந்தால் 300-தான், சுருங்கும் டேட்டாவுக்கு அது போதாது. ஃபைபர் சேனல் என்றால் டிஸ்க்கும் டேப்பும் ஒரே போர்ட் வழியாகப் போகாமல் பிரித்து வையுங்கள். இன்னும் பழைய ஸ்கஸி டிரைவ் வைத்திருக்கும் பொறுமைசாலிகளுக்கு ஒரு வரி: அதே பஸ்ஸில் சிங்கிள் எண்டட் சாதனம் ஒன்று இருந்தாலும் பஸ் முழுவதும் 40 எம்பிக்கு இறங்கிவிடும்.

பிறகு ஹெட்டும் கார்ட்ரிட்ஜும். டிரைவ் எழுதிய உடனேயே படித்துச் சரிபார்க்கும். சரியில்லை என்றால் அதே துண்டை நாடாவில் சற்றுத் தள்ளி மறுபடி எழுதும். வெளியே பிழை எதுவும் காட்டாது, வேகமும் கொள்ளளவும் மட்டும் குறையும். எனவே எழுத்துப் பிழை எண்ணிக்கையையும் டேப்அலர்ட் கொடிகளையும் (டிரைவ் தானே எழுப்பும் எச்சரிக்கைக் குறிகள்) பாருங்கள். லினக்ஸில் எஸ்ஜி கருவிகளாலும், மற்றபடி மேலே சொன்ன தயாரிப்பாளர் கருவிகளாலும் இவற்றைப் படிக்கலாம். 20-ஆம் கொடி எழுந்திருந்தால் உடனே சுத்தம் செய் என்று பொருள். கேட்காமலேயே வாராவாரம் சுத்தம் செய்வதும் தவறு. கிளீனிங் டேப் ஹெட்டை உரசித்தான் சுத்தம் செய்கிறது. சுத்தம் செய்த பிறகும் ஒரே ஒரு கார்ட்ரிட்ஜில் மட்டும் வேகம் குறைந்தால் அந்தக் கார்ட்ரிட்ஜை ஒதுக்குங்கள். எல்லாக் கார்ட்ரிட்ஜிலும் குறைந்தால்தான் டிரைவைச் சந்தேகிக்க வேண்டும்.

எல்டிஓ-9 வைத்திருப்பவர்களுக்கு: புதுக் கார்ட்ரிட்ஜை முதல்முறை போடும்போது டிரைவ் அதை அளவிட்டுத் தயார்செய்துகொள்ளும். சராசரியாக 40 நிமிடம், சில சமயம் 2 மணி நேரம்வரை. டிரைவ் தொங்கிவிட்டது என்று பவரை நிறுத்திவிடாதீர்கள். புது டேப்புகளை ஒரு பகல் பொழுதில் வரிசையாகப் போட்டு இதை முடித்துவிட்டால் இரவு ஜாப் காத்திருக்காது.

படி 6: தனித்தனியாக வேகம், சேர்ந்தால் மெதுவு என்றால்

பேக்கப் ஓடும்போது பேக்கப் சர்வரின் சிபியுவைக் கோர் கோராகப் பாருங்கள். மொத்தம் 12 சதவீதம் என்று காட்டும். ஆனால் 8 கோரில் ஒன்று மட்டும் முழுக்க மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். ஜிஜிப் போன்ற ஒற்றை இழைச் சுருக்கம் இதற்கு வழக்கமான காரணம். டிரைவே சுருக்கும்போது மென்பொருளும் சுருக்க வேண்டிய தேவை இல்லை, ஒன்றை நிறுத்துங்கள். என்கிரிப்ஷனும் இப்படித்தான். மென்பொருள் என்கிரிப்ட் செய்த டேட்டா டிரைவில் துளியும் சுருங்காது. எல்டிஓ-4 முதல் டிரைவுக்குள்ளேயே என்கிரிப்ஷன் வசதி இருக்கிறது, வேகமும் குறையாது. சாவிகளை நிர்வகிக்க உங்கள் மென்பொருள் ஒத்துழைத்தால் அதையே பயன்படுத்துங்கள்.

சில ஸ்கிரிப்டுகள் ஒவ்வொரு சிறு கோப்புறைக்கும் தனித்தனி டேப் கோப்பை உருவாக்கும். ஒவ்வொன்றின் முடிவிலும் ஃபைல் மார்க் (கோப்பு முடிந்தது என்ற குறி) விழும். வழக்கமாக அப்போது பஃபரில் இருப்பதை எல்லாம் நாடாவில் இறக்கிவிட்டு டிரைவ் நிற்கும். 200 கோப்புறை என்றால் 200 நிறுத்தம். எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாக மாற்றி எழுதுங்கள்.

டேட்டா சராசரியாகப் போதுமான அளவு வருகிறது, ஆனால் விட்டு விட்டு வருகிறது என்றால் நடுவில் ஒரு பெரிய பஃபர் வையுங்கள். எம்பஃபர் என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது. நினைவகத்தில் 8 ஜிபி ஒதுக்கி, 90 சதவீதம் நிரம்பிய பிறகே டேப்புக்கு எழுதத் தொடங்கு என்று சொல்லலாம். டிரைவ் எப்போதாவது நின்றாலும் ஒவ்வொரு முறையும் நீண்ட நேரம் ஓடிவிட்டுத்தான் நிற்கும்.

சராசரியே போதவில்லை என்றால், டேட்டாவை முதலில் இறக்கி வைத்துப் பிறகு டேப்புக்கு அனுப்பும் இடைத்தங்கல் டிஸ்க்தான் வழி. பல சர்வர்களின் டேட்டாவைக் கலந்து ஒரே டேப்பில் எழுதும் மல்டிபிளெக்ஸிங்கும் டிரைவுக்குத் தீனி சேர்க்கும். எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. மீட்கும்போது உங்களுக்கு வேண்டிய சர்வரின் துண்டுகளுக்காக மற்றவர்களின் துண்டுகளையும் சேர்த்துப் படித்துத் தள்ள வேண்டியிருக்கும், மீட்பு என்பதே பதற்றமான நேரத்தில் நடக்கும் வேலை.

இடைத்தங்கல் டிஸ்க்குக்கும் கணக்கு உண்டு. ஒரு 7200 சுற்று டிஸ்க் வரிசையாகப் படிக்கும்போது வெளிவட்டத்தில் 200 எம்பியை ஒட்டிக் கொடுக்கும், உள்வட்டத்தில் அதில் பாதிதான். எல்டிஓ-7-க்கு ஒரு டிஸ்க் போதாது; நான்கைந்து சேர்ந்த ரெய்டு வேண்டும். அதில் டேட்டா வந்து இறங்கும் நேரமும் டேப்புக்குப் போகும் நேரமும் ஒன்றன்மேல் ஒன்று விழக் கூடாது. விழுந்தால் சுழல் டிஸ்க் இரண்டுக்கும் இடையே தாவித் தாவிக் களைத்து, நீங்கள் தொடங்கிய இடத்துக்கே உங்களைக் கொண்டுவந்துவிடும்.

ஒவ்வொரு மாற்றத்தையும் தனியாகச் செய்து, தனியாக அளந்து, அதே தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். பிளாக் அளவையும் சுருக்கத்தையும் கேபிளையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு வேகம் கூடினால், எது உதவியது என்று உங்களுக்கே தெரியாது. அடுத்த முறை குறைந்தால் எதைத் திருப்பி வைப்பது என்றும் தெரியாது.

நாங்கள் கடைசியில் செய்தது இதுதான். பேக்கப் சர்வரில் ஆறு டிஸ்க் கொண்ட ஒரு ரெய்டு போட்டோம். வார நாள் இரவுகளில் ஒவ்வொரு சர்வராக அதில் வந்து இறங்கும். எவ்வளவு மெதுவாக வந்தாலும் கேட்பாரில்லை. வெள்ளி இரவு 10 மணிக்கு அங்கிருந்து டேப்புக்கு ஓட்டம். அதே 12.7 டிபி, விநாடிக்கு 280 எம்பி. சனிக்கிழமை காலை பதினொன்று அடிக்கும் முன் டிரைவ் கார்ட்ரிட்ஜை வெளியே தள்ளிவிடுகிறது.